நொச்சித் தழைக்கு உட்கார்ந்த நாய்: ஒரு சோதனைச் சேவையின் மதிப்புரை

மிக்சி வாங்கினாலும் மிக்சர் வாங்கினாலும் நட்சத்திரம் போடுங்கள், நாலு வரி எழுதுங்கள் என்று பின்னாலேயே வருகிறார்கள். அரசாங்கம் காசு வாங்காமல் செய்து தருகிற ஒரு சேவையைப் பற்றி மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. போன பங்குனிக் கடைசியில் அந்தச் சேவை எனக்கு வாய்த்தது. போதைப்பொருள் மோப்ப நாய்ச் சோதனை. இடம், தென்கோடியில் ஒரு ரயில் நிலையத்தின் நடைமேடை. நிலையத்தின் பெயரும் வந்தவர்கள் எந்தப் பிரிவு என்பதும் இங்கே வேண்டாம். நாளைக்கும் நான் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நெல்லையப்பர் கோயில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் 31 வருடமாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறேன். மூக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சித்தரத்தை எது, பேரரத்தை எது என்று பிரித்துச் சொல்வேன். பெருங்காயத்தில் மைதா எவ்வளவு என்பதை டப்பாவைத் திறந்த நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். ஆகவே ஒரு மூக்கைப் பற்றி இன்னொரு மூக்கு எழுதுகிற மதிப்புரையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குச் சென்னையில் குழந்தை பிறந்து 11 நாள். என் வீட்டுக்காரி முன்னதாகவே போய்விட்டாள். போனில் அவள் ஒப்பித்த பட்டியல்படி கட்டிய பொட்டலங்கள் ஒரு துணிப்பையில் இருந்தன. பிள்ளைக்கு உரை மருந்து: வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. (டாக்டர் இதெல்லாம் குழந்தைக்கு வேண்டாம் என்று சொன்னார். என் வீட்டுக்காரி டாக்டரிடம் தலையாட்டிவிட்டு என்னிடம் பட்டியல் கொடுத்தாள்.) தாய்க்குக் காயப்பொடிச் சாமான், திப்பிலி, மிளகு, கசகசா, உடன்குடிக் கருப்பட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, வேது (ஆவி) பிடிக்கவும் குளிக்க வெந்நீரில் போடவும் நிழலில் உலர்த்திய நொச்சித் தழை, தினசரித்தாளில் சுற்றிச் சணலால் கட்டியது. மொத்தம் 23 பொட்டலம்.

ராத்திரி ஏழரை மணிக்கும் நடைமேடை அனலாகக் கொதித்தது. பயணிகளின் பைகளை வரிசையாகத் தரையில் வைக்கச் சொன்னார்கள். செம்பழுப்பு நிறத்தில் ஒரு லாப்ரடார். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே வந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இரைக்கிற நாய் வாயால் மூச்சு விடும். மோப்பம் பிடிக்க மூக்கால் இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் அதனால் ஒழுங்காகச் செய்ய முடியாது. பங்குனிப் புழுக்கத்தில் வேலை வாங்குகிறவர்கள் முதலில் ஒரு சட்டி தண்ணீர் வைத்திருக்கலாம்.

இங்கே நம் ஊர்ப் பெருமைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கும்போது சீமை நாய் எதற்கு? நம் நாய்கள் கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை நாய்கள். முயலைக் காட்டினால் வில்லிலிருந்து புறப்பட்டதுபோலப் போகும். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையாக நின்று முகர்வதற்கு லாப்ரடார்தான் லாயக்கு. அதன் மூக்கில் வாசனை உணரும் உயிரணுக்கள் 20 கோடிக்கு மேல்; நமக்கு 50, 60 லட்சம்தான். நாய்க்குக் கஞ்சா கொடுத்துப் பழக்கிவிடுவார்கள் என்று என் பக்கத்தில் நின்ற ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அது பொய். வாசனையைக் கண்டுபிடித்து உட்கார்ந்து காட்டினால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான் அதன் சம்பளம். அந்தப் பந்து காவலரின் இடுப்புப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. நாயின் கண் பாதி நேரம் அங்கேயே இருந்தது.

இனி நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். என் மதிப்பெண் முழுவதும் இந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

நாய் என் பையை முகர்ந்தது. கடந்தது. அடுத்து ஒரு ஆச்சியின் கூடை. அதில் தூத்துக்குடிக் கருவாடு. எனக்கே நாலு அடி தள்ளி வீசியது. நாய் அங்கே நின்று, மூக்கைக் கூடைக்குள் நுழைத்து, முன்காலை மடக்கியது. காவலர் வாரைச் சுண்டி இழுத்தார். “அது மீனு, வா” என்றார். வந்துவிட்டது. பிறகு அவர் பார்வை என் பை மேல் விழுந்தது. தினசரித்தாள் பொட்டலம், சணல் கயிறு, வேட்டி கட்டிய கிழவன். நாயைத் திருப்பிக் கொண்டுவந்தார். பையின் வாயில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். நாய் முகர்ந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. வார் தொய்யாமல் அப்படியே நின்றது. நாய் உட்கார்ந்துவிட்டது.

என் கடையில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தபோது இதையேதான் பார்த்தேன். வாடிக்கையாளர் அதிமதுரம் கேட்பார். பையனுக்கு எந்தச் சாடி என்று தெரியாது. கையை ஒவ்வொரு சாடியாகக் கொண்டுபோவான், கண் மட்டும் என் முகத்தில் இருக்கும். சரியான சாடிக்குப் பக்கத்தில் கை வந்ததும் என் புருவம் எனக்குத் தெரியாமலேயே தளரும். எடுத்துவிடுவான். ஆறு மாதம் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், கடையை அவனிடம் விட்டேன். அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது என் முகம் மட்டுமே என்று புரிந்தது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் செய்து 2011-இல் வெளியான ஆய்வு. காவலரும் நாயுமாக 18 ஜோடிகளை ஒரு தேவாலயக் கட்டடத்தில் தேட விட்டார்கள். போதைப்பொருள் எங்கும் இல்லை, ஒரு துளிகூட. ஆனால் சிவப்புத் தாள் ஒட்டிய இடங்களில் சரக்கு இருக்கிறது என்று காவலர்களிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். நாயை ஏமாற்றத் தின்பண்டமும் பந்தும் சில இடங்களில் ஒளித்திருந்தார்கள். 144 முறை தேடினார்கள். நாய் எதையும் காட்டாமல் திரும்பியது 21 முறைதான். இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டியது 225 தடவை. தின்பண்டம் இருந்த இடத்தைவிடச் சிவப்புத் தாள் இருந்த இடத்தில்தான் அதிகம். நாய்க்குச் சிவப்புத் தாளின் அர்த்தம் தெரியாது. வாரைப் பிடித்திருந்தவருக்குத் தெரியும். எங்கள் நடைமேடையில் கருவாடு தின்பண்டம், என் சணல் கயிறு சிவப்புத் தாள்.

சரி, பையைத் திறந்தோம்.

“அண்ணாச்சி, இது என்ன?” என்று ஒவ்வொரு பொட்டலமாகக் கேட்டார் கூட வந்த இளைஞர். மரியாதையாகவே கேட்டார், அதை மறைக்க மாட்டேன். வசம்பைப் பிரித்தார், மூடவில்லை. திப்பிலியைக் கையில் கொட்டிப் பார்த்தார். கசகசாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அபினிச் செடியின் விதைதானே என்றார். விதைதான். ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கசகசாச் செடியின் எல்லா உறுப்பையும் சொல்லிவிட்டு விதையை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் உங்கள் வீட்டுக் குருமாவில் அது இருக்கிறது. வளைகுடாவுக்குக் கொண்டுபோனால்தான் கம்பி எண்ண வேண்டும். கடைசியாக நொச்சித் தழைப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு காய்ந்த இலையைக் காம்போடு எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து விரல் விரித்த கைபோல ஐந்து சிற்றிலை, ஒவ்வொன்றும் கூராக. சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நொச்சி இலை கஞ்சா இலை மாதிரியே இருக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தாமிரபரணிக் கரையில், வயல் வரப்பில் வேலியாக நிற்கிற செடி. ஆனால் நகரத்துப் பிள்ளைகளுக்கு யார் காட்டித் தந்தார்கள்? நொச்சி இலையின் அடிப்புறம் சாம்பல் பூத்திருக்கும், கசக்கினால் கார நெடி வரும், கஞ்சா இலையின் ஓரத்தில் ரம்பப் பல் ஒழுங்காக வரும் என்று மூன்று வித்தியாசம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒரு தழையைக் கசக்கி அவர் மூக்கருகில் நீட்டினேன். தும்மினார். நாயும் தும்மியது.

நாயின் சார்பில் ஒரு வார்த்தை. கஞ்சாவின் மணத்தில் காரியோபில்லீன் என்ற பொருளுக்கு ஒரு பங்கு உண்டு. அதே பொருள் மிளகில் உண்டு, கிராம்பில் உண்டு, நொச்சி எண்ணெயிலும் உண்டு. நன்றாகப் பழக்கிய நாய் ஒரு துண்டு வாசனையை நம்பாது, முழுக் கலவையைப் பிரித்தறியும் என்பதுதான் பயிற்சியின் அடிப்படை. ஆனாலும் என் பையில் இருந்ததைப்போல மிளகும் நொச்சியும் அடைந்து கிடந்த மூட்டையைப் பார்த்து அது குழம்பியிருந்தால் நான் மன்னிப்பேன். என் சிக்கல் வேறு. அது குழம்பி உட்கார்ந்ததா, காவலரின் முகத்துக்காக உட்கார்ந்ததா? வெளியே நின்ற எனக்கும் தெரியாது, வாரைப் பிடித்திருந்த அவருக்கும் தெரியாது. நாயைக் கேட்க முடியாது.

கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமே கவனித்திருக்கிறது. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் என் மருமகன், தங்கை மகன், அடுத்த வாரம் கடைக்கு வந்தபோது விவரமாகச் சொன்னான். 1970-இல் வெளியான ஒரு மகாராஷ்டிர வழக்கின் தீர்ப்பில், துப்பு நாயின் சாட்சியத்துக்கு எதிரான மூன்று ஆட்சேபங்களை நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்களாம். நாய் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யாது, குறுக்கு விசாரணைக்கு நிற்காது, அதற்காக அதைப் பிடித்தவர் பேசினால் அது கேள்விப்பட்ட சாட்சியம். மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் ஊகத்தில் தொங்கக் கூடாது. கேட்பவர் மனத்தில் அது தகுதிக்கு மீறிய பிரமிப்பை உண்டாக்கும். ஆந்திர வழக்கொன்றில் 2001-லும், அசாம் வழக்கொன்றில் 2008-லும் உச்ச நீதிமன்றம் இதே பக்கம்தான் நின்றது: விசாரணைக்கு நாய் வழிகாட்டலாம், அதை வைத்துக் குற்றத்தைத் தீர்மானிக்க முடியாது.

“ஆனால் மாமா, அவையெல்லாம் கொலைகாரனைத் தேடிப் போகிற துப்பு நாய் பற்றியவை” என்றான். “உங்கள் பை விஷயம் வேறு. இங்கே நாய் சாட்சி அல்ல, சாவி. பையைத் திறக்க ஒரு காரணம், அவ்வளவே. உள்ளே சரக்கு இருந்தால் சரக்குதான் சாட்சி, நாயை அதோடு மறந்துவிடுவார்கள்.”

“சரக்கு இல்லையென்றால்?”

“அப்போதும் மறந்துவிடுவார்கள்.”

போதைப்பொருள் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். பொது இடத்தில் சோதனை போடப் பிரிவு 43 போதும், வாரண்டு வேண்டாம். ஆனால் நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். 42, 43, 50 ஆகிய பிரிவுகள் மனிதர்களின் அதிகாரத்தைத்தான் அளக்கின்றன. நாய் என்ற சொல்லே அவற்றில் வராது. ஆளின் உடம்பைச் சோதிப்பதானால் பிரிவு 50: கெசட்டில் பதிவான அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ சோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அந்த உரிமை இருக்கிறது என்பதையே அவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். 1999-லும் 2010-லும் அரசியல் சாசன அமர்வுகள் இதை உறுதியாகச் சொல்லிவிட்டன. பெண்ணின் உடம்பைப் பெண்தான் சோதிக்க வேண்டும். ஆனால் 2005-இல் வந்த தீர்ப்பின்படி பை உடம்பு ஆகாது. “பை வேறு, மடி வேறு மாமா.”

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பையில் ஒன்றும் இல்லை என்றானதும் அவர்கள் என் மடியையும் தடவிப் பார்த்தார்கள். மடியில் பொடி டப்பாவும் டிக்கெட்டும். உரிமை என்று யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். ரயில் புறப்பட ஆறு நிமிடம் இருக்கும்போது, நூறு பேர் பார்க்க, ஒரு நாய் உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால் வெறும் மடியும் கனக்கும்.

அந்த ஆறு நிமிடத்தைப் பற்றி: அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை எங்களைவிட நிறையவே பேசியிருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியை நாய் முகர்ந்தால் அது சோதனையே அல்ல என்று 1983-இல் சொன்னார்கள். வீட்டு வாசலுக்கு நாயைக் கொண்டுவந்தால் மட்டும் சோதனை என்று 2013-இல். சாலையில் மடக்கிய காரை, நாய் வருகிறது என்று கூடுதல் நேரம் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2015-இல். இந்தக் கடைசித் தீர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அதே 2013-இல் ஆல்டோ என்ற நாயின் வழக்கும் வந்தது. இரண்டு முறை ஒரே வண்டிக்கு உட்கார்ந்தது; தனக்குப் பழக்கிய போதைப்பொருள் இரண்டு முறையும் வண்டியில் இல்லை. பழைய வாசனை கைப்பிடியில் ஒட்டியிருக்கும் என்றார்கள். பயிற்சிப் பதிவேடு சரியாக இருக்கிறது, அது போதும் என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. எனக்கு இது ஒப்பவில்லை. என் கடைப் பையனும் நான் பக்கத்தில் நிற்கும்போது எல்லாப் பரீட்சையிலும் தேறினான்.

மதிப்பெண். மூக்குக்கு ஐந்தில் நாலு. வாரின் மறுமுனைக்கு ஐந்தில் ஒன்றரை. அந்த அரையும் “அண்ணாச்சி” என்றதற்காக. காகிதத்துக்குப் பூஜ்யம். ஏன் பூஜ்யம் என்று விளக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றுவதையும் கூடியவரை செல்போனில் படம்பிடித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. என் பையைத் திறந்தபோது செல்போனை நீட்டியவர்கள் பயணிகள் மட்டும்தான். எனக்கு ஒரு சீட்டுத் தாருங்கள் என்று கேட்டேன்: இன்ன நேரம் நாய் உட்கார்ந்தது, சோதித்தோம், ஒன்றும் இல்லை என்று. சிரித்தார்கள். எதையாவது எடுத்துக்கொண்டால்தானே பட்டியல் தர வேண்டும், ஒன்றும் எடுக்கவில்லையே என்றார் மூத்தவர். மருமகனும் பிறகு அதையேதான் சொன்னான், வருத்தத்தோடு. எடுத்ததற்குத்தான் சட்டத்தில் பட்டியல்.

கணக்கு எங்கே கெடுகிறது என்று வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாய் உட்கார்ந்து சரக்குக் கிடைத்தால் வழக்கு, புகைப்படம், மறுநாள் செய்தி. கிடைக்காவிட்டால் ஒரு கோடுகூட விழாது. வரவை மட்டும் எழுதி வைத்துவிட்டுக் கடை லாபத்தில் ஓடுகிறது என்று சொல்வதுபோல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இரண்டு பக்கமும் எழுதினார்கள். அங்கத்திய அரசுக் குறைதீர்ப்பாளர் 2006-இல் வெளியிட்ட கணக்கில் நாய்கள் 10,211 முறை ஆளைக் காட்டின. போதைப்பொருள் கிடைத்தது 26 சதவீதத்தில். மீதிப் பேர் என்னைப்போலப் பொட்டலத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். வேண்டுமென்றே தொந்தரவாகச் சோதனை போட்டால் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் என்று போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 58 இருக்கிறது. ஆனால் எதுவும் எழுதாத இடத்தில் எதைக் காட்டி அதைக் கேட்பது?

ரயிலில் கஞ்சா வருவது கட்டுக்கதை அல்ல. எங்கள் தெருவில் ஒரு பிள்ளை கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். இந்தச் சேவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு முறை உட்கார்ந்ததையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், இரண்டாம் முறை திருப்பிக் கொண்டுவந்தால் அதையும் எழுதுங்கள் என்கிறேன். 40 ரூபாய் நோட்டு. நானே வாங்கித் தருகிறேன்.

ரயிலைப் பிடித்துவிட்டேன். திப்பிலியும் மிளகும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. செங்கல்பட்டு வரை மேல்படுக்கையில் உட்கார்ந்து பொறுக்கினேன். சென்னையில் என் வீட்டுக்காரி பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்ததில் ஒரு சாதிக்காய் குறைந்தது. நடைமேடையில் உருண்டிருக்க வேண்டும். நொச்சியில் பாதிதான் செலவானது. அடுக்குமாடி வீட்டில் வேது பிடித்தால் மூன்று மாடிக்கு நெடி என்று மாப்பிள்ளை நெளியவே, மீதியைப் பழையபடி தினசரித்தாளில் சுற்றி என்னிடமே கொடுத்தனுப்பினாள்.

எட்டாம் நாள் காலையில் அதே நடைமேடையில் இறங்கினேன். அதே நாய், அதே காவலர். நல்ல குளிர்ச்சியான நேரம், நாய் இரைக்கவில்லை. வரிசையில் அதே துணிப்பையை வைத்தேன், உள்ளே அதே நொச்சி. இந்த முறை சணலுக்குப் பதிலாக ஜவுளிக்கடைப் பையில் போட்டு மூடியிருந்தேன். நாய் வந்தது. பையின் வாயில் மூக்கை வைத்து நீளமாக இழுத்தது. பிறகு நிமிர்ந்து காவலரின் முகத்தைப் பார்த்தது. அவர் போனில் யாரிடமோ மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாய் ஒரு நொடி நின்றது. அடுத்த பைக்குப் போய்விட்டது.